முதலாளி கையெழுத்தோடு ஓடும் ஃபங்ஷன்

கேள்வி: காரைக்குடியில் எங்கள் ஆத்தங்குடி டைல்ஸ் வியாபாரக் கணக்கு முழுவதும் போஸ்ட்கிரெஸ்கியூஎல் 16 என்ற டேட்டாபேஸில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேலை செய்யும் புரோகிராமர், அதற்குள்ளேயே பைதான் மொழியில் ஃபங்ஷன் (பெயர் சொல்லி இயக்கும் சிறு நிரல்) எழுத சூப்பர்யூசர் அனுமதி, அதாவது எந்தத் தடையும் இல்லாத முழு அதிகாரம், கேட்கிறார். கொடுக்கலாமா? இன்னொன்று: பில் போடும் பெண்ணுக்கு விலை அட்டவணையை மாற்ற அனுமதியே கிடையாது. ஆனாலும் தள்ளுபடியை மாற்றியிருக்கிறார். எப்படி?

பதில்: சூப்பர்யூசர் அனுமதி வேண்டவே வேண்டாம்.

டேட்டாபேஸுக்குள் ஃபங்ஷன் எழுத உதவும் மொழிகளில் பிஎல்/பிஜிஎஸ்கியூஎல், பிஎல்/பெர்ல் போன்றவற்றை நம்பகமான மொழிகள் என்பார்கள். எழுதுகிறவர் நம்பகமானவர் என்று இதற்குப் பொருள் அல்ல. அந்த மொழியில் எழுதிய ஃபங்ஷனால் சர்வரின் கோப்புகளைத் தொட முடியாது, அவ்வளவுதான். பைதானுக்கு அப்படியொரு வகையே இல்லை. டேட்டாபேஸுக்குள் ஓடும் பைதானுக்கு பிஎல்பைதான்3யு என்று பெயர்; கடைசியில் வரும் யு (அன்டிரஸ்டட், நம்பகமற்றது) என்ற எழுத்தே அந்த எச்சரிக்கை. அதில் எழுதிய ஃபங்ஷன், டேட்டாபேஸ் சர்வர் எந்தக் கணக்கில் இயங்குகிறதோ அந்தக் கணக்கின் முழு உரிமையோடு ஓடும்; டேட்டா கோப்புகளையே அழிக்கவும் முடியும். அதனால்தான் சூப்பர்யூசர் மட்டுமே அதில் ஃபங்ஷன் உருவாக்கலாம். அந்த மொழியை மட்டும் தனியாக ஒருவருக்கு கிராண்ட் செய்யவும் (உரிமை வழங்கவும்) வழியில்லை. அவர் எழுதட்டும், நீங்கள் படித்துப் பார்த்து உங்கள் கணக்கில் உருவாக்குங்கள். என்னைக் கேட்டால், பைதான் வெளியிலேயே ஓடி, சாதாரண யூசராக உள்ளே வந்தால் போதும்.

இரண்டாவதுதான் சுவாரசியமானது. அந்தப் பெண்ணைக் கடிந்துகொள்ளாதீர்கள். கதவைத் திறந்து வைத்தது நீங்கள்தான். அந்தக் காலத்தில் செட்டியார்களின் ரங்கூன் கடையில் ஏஜென்ட், முதலாளியின் விலாசம் (கடைப் பெயரான முதலெழுத்துகள்) போட்டுக் கையெழுத்திட்டார். கொடுக்கல் வாங்கல் செட்டிநாட்டில் இருந்த முதலாளியைக் கட்டுப்படுத்தியது. செக்யூரிட்டி டிஃபைனர் என்று குறித்த ஃபங்ஷனும் அப்படியே. யார் இயக்கினாலும் அதன் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடும். உங்கள் தள்ளுபடி ஃபங்ஷன் அப்படித்தான் இருக்க வேண்டும். போதாக்குறைக்கு, புதிதாக உருவாக்கும் எந்த ஃபங்ஷனையும் இயக்கும் உரிமை இயல்பாகவே பப்ளிக்குக்கு, அதாவது எல்லோருக்கும், போய்விடுகிறது.

முதலில் அந்த ஃபங்ஷனில் பப்ளிக்கின் எக்சிக்யூட் (இயக்கும்) உரிமையை ரிவோக் செய்து (திரும்பப் பெற்று), மேலாளருக்கு மட்டும் கிராண்ட் செய்யுங்கள். லாகின் செய்ய முடியாத ஒரு ரோலை (டேட்டாபேஸ் பயனர் கணக்கை) உருவாக்கி, விலை அட்டவணையில் தேவையான உரிமையை மட்டும் கொடுத்து, அதையே ஃபங்ஷனின் உரிமையாளராக்குங்கள். ஃபங்ஷனுக்குள்ளேயே செர்ச் பாத்தை (அட்டவணைகளை எந்த வரிசையில் எங்கே தேடுவது என்பதை) நிர்ணயித்து, தற்காலிக அட்டவணைகள் இருக்கும் பிஜி_டெம்ப்பைக் கடைசியில் வையுங்கள். இதைப் பலரும் மறக்கிறார்கள். மறந்தால், அதே பெயரில் தற்காலிக அட்டவணை ஒன்றை உருவாக்குகிறவர் உங்கள் ஃபங்ஷனை அதன் பக்கம் திருப்பிவிடலாம்.

திருத்தும்போது கிரியேட் ஆர் ரீப்ளேஸ் பயன்படுத்தினால் அனுமதிகள் அப்படியே இருக்கும். டிராப் செய்துவிட்டு மறுபடி உருவாக்கினால் பப்ளிக் திரும்பவும் உள்ளே வந்துவிடும். பழைய டேட்டாபேஸை 16-க்கு ஏற்றியிருந்தால் இன்னொன்றையும் பாருங்கள்: பப்ளிக் என்றே பெயர் கொண்ட ஸ்கீமாவில் (அட்டவணைகளை வைக்கும் பிரிவில்) எவரும் எதையும் உருவாக்கலாம் என்ற வழக்கம் 15-ஆம் பதிப்பில்தான் நின்றது, மேலேற்றியவற்றில் பழைய அனுமதி அப்படியே தொடரும்.

மற்ற ஃபங்ஷன்களைப் பார்வையிட போஸ்ட்கிரெஸ்கியூஎல்லுக்குக் கட்டளை தட்டும் பிஎஸ்கியூஎல் நிரலில் \டிஎஃப்+ கட்டளை போதும். அனுமதிக் கட்டம் வெறுமையாக இருந்தால் யாருக்கும் உரிமையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். இயல்புநிலை மாறவில்லை, எல்லோரும் இயக்கலாம் என்று பொருள்.