'நம்பும்படியான' என்பதற்கு எதிர்ச்சொல் என்ன? மறுப்பு மனுவில் எதை எழுதலாம்?

பாம்பன் பக்கம் நாட்டுப்படகின் வலையை விசைப்படகு அறுத்துவிட்டது, அதன் உரிமையாளர் கொடுத்த விளக்கம் நம்பும்படியாக இல்லை, இதை மீன்வளத் துறைக்கு ஒரே சொல்லில் எப்படி எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு சொல் போதாது. விளக்கத்தில் ஓட்டை எங்கே இருக்கிறதோ அதற்கேற்ப சொல்லும் மாறும்.

'நம்பமுடியாத' வேண்டாம். பேச்சில் அது வியப்புக்குப் போய்விட்டது. 'நம்பமுடியாத அளவுக்குச் சீலா மீன் பட்டது' என்றால் யாரும் பொய் என்று எடுத்துக்கொள்வதில்லை. 'நம்பத்தகாத' என்று எழுதுங்கள், அதுவும் சொன்ன சங்கதியே சந்தேகமாக இருந்தால் மட்டும். "வாடைக்காற்று படகை வடக்கே தள்ளிவிட்டது" என்பது அந்த வகை. வாடை வடக்கிலிருந்து வருவது, தெற்கேதான் தள்ளும். நீரோட்டம் இழுத்தது என்று சொல்லியிருந்தால் 'ஆதாரமற்ற' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; அது நடக்கக்கூடியதுதான், அவர்தான் காட்ட வேண்டும்.

'ஏற்கத்தகாத' என்பது வேறு. "கரையோரம் இறால் கிடந்தது, அதனால் வந்தோம்" என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி, கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது. உண்மைதான், காரணமாகாது.

எல்லாவற்றிலும் வலுவானது 'முன்னுக்குப்பின் முரணான'. அவர் எழுத்தை வைத்தே நிறுவலாம், சாட்சி தேட வேண்டியதில்லை. "5 மைலுக்கு வெளியே இருந்தோம்" என்று ஒரு வரி, "இருட்டில் வலையின் மிதவைக் கொடி தெரியவில்லை" என்று அடுத்த வரி. 5 மைலுக்கு உள்ளே வலை கிடந்த இடத்துக்கே போகாதவர் கொடியைப் பற்றி ஏன் பேச வேண்டும்?

சப்பைக்கட்டு, நொண்டிச்சாக்கு, மழுப்பல் ஆகியவை ஊர்க்கூட்டத்துக்குச் சரி. சாக்கு தனக்காகச் சொல்வது. சப்பைக்கட்டு அடுத்தவர் தப்புக்கும் கட்டுவது. மழுப்பல் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நழுவுவது. மூன்றுமே எதிராளியின் எண்ணத்தைக் குற்றம் சொல்கின்றன. மனுவில் வந்தால் அதிகாரி வலையை விட்டுவிட்டுச் சண்டையைப் பார்ப்பார். 'எடுபடாத' என்பதும் வேண்டாம், எடுபடுமா என்பது அதிகாரியின் முடிவு.

இப்படி எழுதுங்கள்: "5 மைலுக்கு வெளியே இருந்ததாகவும், மிதவைக் கொடி தெரியவில்லை என்றும் கூறும் விளக்கம் முன்னுக்குப்பின் முரணானது. அன்றைய ஜி.பி.எஸ். பதிவைப் பெற்றுச் சரிபார்க்குமாறு வேண்டுகிறேன்."