ஜீன் ஊசியும் பருத்திக்கொட்டை டப்பாவும்

அண்ணா வணக்கமுங்க,

காங்கேயம் பக்கம் தறி போட்டிருக்கேன், வயசு 47, சக்கரை வந்து 9 வருஷமாச்சு. ரெண்டு வருஷமா ஆணுறுப்பு எந்திரிக்கறதே இல்லீங்க, ஊட்டுல அவகிட்ட பேச்சயே கொறச்சுட்டேன். வாட்ஸப்புல ஒரு வீடியோ வந்துச்சு, மரபணு ஏத்தற ஜீன் ஊசி ஒண்ணு போட்டா ஆறு மாசத்துக்கு மாத்திரையே வேண்டாம்னு. போன் பண்ணுனா 3 லட்சம், பாதி அட்வான்ஸ்ங்கறாங்க. நெசமுங்களா? பேர் போட்டுறாதீங்க.

தம்பி,

பேர் போடல. மொதல்ல அட்வான்ஸ் குடுத்துறாதீங்க, மிச்சத்த பொறவு படிச்சுக்கலாம்.

அது முழுப்பொய்யா இருந்திருந்தா சுளுவா தள்ளிடலாம், அதுல ஒரு துளி நெசம் இருக்கறதுதான் வில்லங்கம். நியூயார்க்ல ஆர்னால்ட் மெல்மன்னு ஒரு யூராலஜி டாக்டர், எலிகளுக்கு போட்டுப் பாத்துட்டு மனுசனுக்கு வந்தாரு, ரிசல்ட் வெளிய வந்தது 2006ல. மொத்தம் 11 பேருங்க, அவ்வளவுதான். ஊசி போடறது அந்த உறுப்புலயே, அதுல இருக்கறது செல்லு சுவத்துல மேக்ஸி-கேங்கற ஒரு வழிய உண்டாக்கற ஜீன். அங்கிருக்கற தசை எந்நேரமும் இறுக்கிப் புடிச்சுட்டே இருக்கும், வாய்க்கா மடைய அடைச்சு வெச்சாப்ல. செல்லுக்குள்ள இருக்கற பொட்டாசியம் இந்த வழியா வெளிய போனா கால்சியம் உள்ள வர்றது கொறையும், தசை தளரும், மடை தொறந்து ரத்தம் பாயும். சக்கரக்காரங்களுக்கு இந்த தளர்ச்சிதான் சரியா நடக்கறதில்ல. பெரிய டோஸ் போட்ட ஒண்ணு ரெண்டு பேருக்கு 24 வாரம் வரைக்கும் நல்லாருந்துச்சு. உங்க வீடியோக்காரனோட ஆறு மாசம் எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியுதுங்களா? ஆனா அது ஊசியால ஒடம்புக்கு கெடுதல் வருதான்னு பாக்கறதுக்கு வெச்ச சோதனை, ஒப்பிட்டுப் பாக்க மருந்தில்லாத வெறும் ஊசி போட்ட ஆளுகளே அதுல கெடையாது. இத்தன வருஷமாகியும் இதுக்குன்னு எந்த ஜீன் ஊசியும் விக்கறதுக்கு அனுமதி வாங்கல, அப்பறம் 3 லட்சத்துக்கு உங்களுக்கு என்னத்த ஏத்துவான்?

எங்க மாமா ஒருத்தர் மாசாமாசம் லாட்ஜுல ரூம் போட்டு ஒக்காந்திருக்கற டாக்டர்கிட்ட இதே கோளாறுக்கு லேகியம் வாங்கி பருத்திக்கொட்டை டப்பாவுக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தாரு. இந்த மாதிரி விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு 1954லயே சட்டம் வந்தாச்சு, யாரு கேட்டா. அவர் போன பொறவு அத்தை சிரிச்சுட்டே சொல்லுச்சு, "எருமைக்கு தீனி வெக்கறது நாந்தானே கண்ணு, எனக்கு தெரியாதா." இருபது வருஷம் ரெண்டு பேரும் அதப்பத்தி ஒரு வார்த்தை பேசிக்கல.

எனக்கு பயம் வேற எடத்துலங்க. அந்த எடத்து ரத்தக்குழாய் 1, 2 மில்லிமீட்டர்தான், நெஞ்சுக் குழாய் 3, 4 இருக்கும், அதனால அடைப்பு புடிச்சா மொதல்ல காட்டறது பல பேருக்கு இங்கதான், நெஞ்சு வலி பொறவுதான் வரும். ஈசிஜி, கொழுப்பு, மூணு மாச சராசரி சக்கரை மூணும் இந்த வாரமே பாத்துருங்க. 1998ல இதுக்குன்னு வந்த சில்டெனாஃபில் (வயாக்ரா) மாத்திரை இன்னும் நல்லாத்தான் வேலை செய்யுது, ஆனா நீங்களா மெடிக்கல்ல வாங்கிப் போட்டுறாதீங்க, நெஞ்சுக்குன்னு நாக்குக்கு அடியில வெக்கற நைட்ரேட் மாத்திரையோட சேந்தா பிரஷர் சர்ருனு எறங்கி ஆளையே சாச்சுரும். டாக்டர்கிட்ட போறப்ப ஊட்டுல இருக்கற மாத்திரை அட்டை அத்தனையும் ஒரு மஞ்சப்பையில போட்டு எடுத்துட்டு போங்க, பிரஷர் மாத்திரைல சிலதும் இதுக்கு காரணமா இருக்கறதுண்டு. பைய நீங்க எடுக்க வேண்டாம், ஊட்டுக்காரம்மாவ எடுத்து வெக்கச் சொல்லுங்க.