புது யன்னல், பழைய சுவர்: வெளிப்பூச்சு பற்றிய கேள்வி பதில்

திருகோணமலையில் மர யன்னலைக் கழற்றிவிட்டு அலுமினியம் போடாத தெரு இப்போது குறைவு. யன்னல் பொருத்துகிறவர் வேலை முடிந்து போய்விடுவார். உடைந்த ஓரத்தைப் பூசுவதுதான் மேசனுக்கு மிஞ்சும் வேலை. அதை அரை நாள் வேலை என்று நினைத்து அவசரப்படுத்துகிறார்கள். வந்த கேள்விகளுக்கு என் அனுபவத்தில் அறிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, யன்னல் மாற்றி ஆறு மாதம். சட்டத்துக்கும் பூச்சுக்கும் நடுவே மயிரிழை மாதிரி வெடிப்பு. இரண்டு தரம் சீமெந்துப்பால் விட்டு அடைத்தும் திரும்ப வருகிறது. (உப்புவெளி)

அக்கா, மூன்றாம் தரம் அடைத்தாலும் வரும். அலுமினியம் வெயிலில் நீளும், இரவில் சுருங்கும். ஒன்றரை மீற்றர் சட்டம் 30 பாகை சூடேறினால் ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு நீளும். சுவர் அதில் பாதிதான் அசையும். சீமெந்து இழுபடாது, அதனால் அந்தக் கோட்டில் வெடித்தே ஆகும்.

பூச்சைச் சட்டத்தோடு முட்ட விடாதீர்கள். சட்டத்தின் ஓரமாக 8 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு பலகைத் துண்டை வைத்துப் பூசச் சொல்லுங்கள். இறுகியதும் பலகையை எடுத்தால் நேரான இடைவெளி கிடைக்கும். பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு அதற்குள் ஃபோம் கயிறு அமுக்கி, மேலே சிலிக்கோன் இழுக்க வேண்டும். கடையில் ‘நியூட்ரல்’ என்று கேட்டு வாங்குங்கள். வினாகிரி மணம் வருகிற சிலிக்கோன் சீமெந்தில் சரியாகப் பிடிக்காது. பொதுவாகச் சிலிக்கோன் மேல் பெயின்ட் ஒட்டாது. பெயின்ட் அடிக்கத்தான் வேண்டும் என்றால் பொலியூரிதேன் வாங்குங்கள்.

இன்னொன்று, பூசும்போது சட்டத்துக்கு டேப் ஒட்டியிருக்க வேண்டும். ஈரச் சீமெந்து அலுமினியத்தைத் தின்னும். அந்த வெள்ளைக் கறை பிறகு போகாது.

கரை மணல் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது. சின்ன வேலைதானே, பாவிக்கலாமா? (நிலாவெளி)

வேண்டாம் தம்பி. அந்த மணலில் உள்ள உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். சுவரில் வெள்ளையாகப் பூக்கும், பெயின்ட் உரியும். யன்னலுக்கு மேலே சுவரைத் தாங்குகிற லிண்டல் விட்டத்துக்குள் கம்பி இருக்கிறது; அது துருப்பிடித்து ஊதினால் பூச்சு பாளமாகக் கழன்று விழும். இரண்டு வாளி மகாவலி ஆற்று மணல் போதும். அரித்து எடுங்கள். சீமெந்து ஒன்றுக்கு மணல் ஐந்து. சுண்ணாம்பு கிடைத்தால் ஒன்றுக்கு ஒன்று, மணல் ஆறு. அப்படிக் கலந்தால் வெடிப்புக் குறையும்.

யன்னலைச் சுற்றி இரண்டு அங்குல ஆழத்துக்குப் பெயர்ந்துவிட்டது. ஒரேயடியாக நிரப்பலாமா? (கிண்ணியா)

நிரப்பினால் தன் பாரத்திலேயே தொங்கும். முதலில் ஒரு ரூபாய்க் குத்தியால் பழைய பூச்சைத் தட்டிப் பாருங்கள். ‘டொக் டொக்’ என்று வெறுமையாகக் கேட்கிற இடமெல்லாம் போக வேண்டியதுதான். பிடிப்பாக இருக்கிற இடத்தில் கிரைண்டரால் நேர்க்கோடு வெட்டுங்கள். புழுதியைத் தூரிகையால் தட்டிக் கழுவி, சுவரை நனைத்து, தண்ணீர் மினுங்காத நேரத்தில் சீமெந்துப்பால் பூசி, அது காயுமுன் சாந்து அடிக்க வேண்டும். ஒரு தடவைக்கு 12 மில்லிமீற்றர் தாண்டக் கூடாது. அது இறுகுமுன் கரண்டி முனையால் கீறிவிட்டு, அடுத்த நாள் மேல் பூச்சு. இரண்டு அங்குலத்துக்கு ஐந்து தடவை ஆகும். உட்பகுதியில் புளொக் கல் துண்டு வைத்துக் கட்டினால் சுருக்கமாக முடியும்.

கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பூச்சு ஒரு மணித்தியாலத்தில் வெளிறிவிடும். மேற்குச் சுவரைக் காலையில் பூசுங்கள், கிழக்குச் சுவரைப் பின்னேரம். ஈரச் சாக்குத் தொங்கவிட்டு ஏழு நாள் நனையுங்கள்.

எப்போது பெயின்ட் அடிக்கலாம்? (தம்பலகாமம்)

28 நாள் பொறுங்கள்.

பூச்சில் ஒரு வெடிப்பும் இல்லை. ஆனாலும் மழை பெய்தால் யன்னல் தண்டவாளத்தில் தண்ணீர் நிறைந்து உள்ளே வழிகிறது. (மூதூர்)

சட்டத்தின் கீழ் விளிம்பில், வெளிப்பக்கமாகச் சின்னத் துளைகள் இருக்கும். பூசும்போது சாந்தோ சிலிக்கோனோ அவற்றை அடைத்திருக்கும். மெல்லிய கம்பியால் குத்தித் திறந்து, தண்டவாளத்தில் ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், வெளியே ஓட வேண்டும். கீழ்த்திண்டையும் பாருங்கள். வெளிப்பக்கம் சரிவாக, சுவரைத் தாண்டி இரண்டு அங்குலம் நீட்டியிருக்க வேண்டும். அதன் அடியில் விரல் நுனி நுழையுமளவு ஒரு காடி வெட்டினால் தண்ணீர் சுவரில் ஏறாமல் அங்கேயே சொட்டும். வாடைக்காற்றுத் தூவானத்துக்கு இந்தக் காடி இல்லாத வீடு தாங்காது.

எங்களுடையது சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய வீடு. புது யன்னலைச் சுற்றிச் சீமெந்து பூசினோம், தகடாகக் கழன்றுவிட்டது. (திருகோணமலை நகர்)

ஐயா, சுவர் மெத்தென்றது, பூச்சு இறுக்கமானது. கழன்றபோது சுவரையும் கொஞ்சம் பெயர்த்துக்கொண்டு வந்திருக்குமே? மிச்சச் சீமெந்தைச் சின்ன உளியால் மெதுவாக எடுங்கள், கிரைண்டர் வேண்டாம். சீமெந்து ஒன்று, சுண்ணாம்பு இரண்டு, மணல் ஒன்பது என்று கலந்து பூசச் சொல்லுங்கள். மேசன் ‘இது பலமில்லை’ என்பார். அந்தச் சுவருக்கு அவ்வளவு பலம்தான் பொருந்தும் என்று நின்று சொல்லுங்கள். மாரிக்கு முன்பே, ஆவணியில் தொடங்கினால் காய நாள் இருக்கும்.