சிங்கப்பூர் வீட்டில் கள்ளிச்செடி ஏன் அழுகுகிறது?

வாரம் ஒரு முறைதான் தண்ணீர் விட்டும் கள்ளி அடியில் அழுகிவிட்டதே என்று கேட்டிருக்கிறீர்கள். கிழமைக் கணக்கை விடுங்கள். நம்மூர் ஈரக்காற்றில் மண் லேசில் காயாது. மூங்கில் குச்சியை வேர் வரை செருகி எடுங்கள். மண் ஒட்டி வந்தால் தண்ணீர் வேண்டாம்.

பெரும்பாலும் வில்லன், கடைத்தொட்டியில் வரும், ஈரத்தைப் பிடித்துவைக்கும் அந்தக் கறுப்புத் தேங்காய்நார்க் கலவைதான். அதை உதறிவிட்டு, நீர் வடிய உதவும் லேசான கல்துகள்களான பியூமிஸோ பெர்லைட்டோ பாதிக்கு மேல் கலந்த மண்ணோடு, ஓட்டையுள்ள மண்தொட்டிக்கு மாற்றுங்கள். அழுகலை, கறையில்லாத சதை தெரியும்வரை வெட்டி, வெட்டுவாய் நன்கு காய்ந்தபின் நட்டால் பிழைக்க வாய்ப்புண்டு.

காரிடாரில் வெயில் விழும், சாரல் படாத ஓரம் நல்லது. தட்டில் நீர் தேங்கினால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவும் வரும், அபராதமும் வரும்!

ரோஜாப்பூ போல இலை அடுக்கும் எச்செவேரியா அழகுதான், ஆனால் இரவுக் குளிர் கேட்கும். இங்கே 23 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். அதற்குப் பதில் ஹவொர்த்தியா, மருள் (ஸ்நேக் பிளான்ட்) போன்ற சதைப்பற்றுச் செடிகளை வாங்குங்கள்.