பொன்னிற மாலையில் முகம் மட்டும் ஏன் வெளிறுகிறது?

கேள்வி: மாலை வெயிலில் எங்கள் குடும்பத்தார் 11 பேரை இரண்டு வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தேன். சூரியன் அவர்களுக்குப் பின்னால் இருந்தது. முகங்கள் இருட்டாக வந்ததால் கேமராவின் தலையில் ஃபிளாஷ் பொருத்தினேன். பின்னணி அழகான பொன்னிறமாக வந்தது. முகங்களோ சுண்ணாம்பு பூசியதுபோல வெளிறி, லேசாக நீலம் பாரித்துவிட்டன. கணினியில் நிறத்தைச் சூடாக்கினால், அதாவது மஞ்சளைக் கூட்டினால், முகம் தேறுகிறது, புல்வெளி செங்கல் நிறமாகிவிடுகிறது. பிரிண்ட் போட்டபோது எல்லாமே இருண்டது. இதைவிடப் பெரிய ஃபிளாஷ் வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். பிரீசெட் தொகுப்பு (ஒரே சொடுக்கில் படத்தின் நிறத்தை மாற்றும் ஆயத்தத் திருத்தங்கள்) வாங்கினால் போதும் என்கிறார் நண்பர். எதை வாங்கட்டும்?

பதில்: இரண்டையும் வாங்காதீர்கள். உங்களுக்குத் தேவை, ஃபிளாஷின் வாயில் ஒட்டுகிற ஒரு துண்டு ஆரஞ்சு நிற ஜெல் தாள், அதாவது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்.

ஒளிக்கு நிறம் உண்டு. அதை கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். மறையப்போகும் சூரியனின் ஒளி ஏறத்தாழ 3500 கெல்வின், அது மஞ்சள். உங்கள் ஃபிளாஷ் ஏறத்தாழ 5500 கெல்வின். அது நண்பகல் வெயிலின் வெள்ளை. மஞ்சள் ஒளிக்குப் பக்கத்தில் வைத்தால் அந்த வெள்ளை நீலமாகத் தெரியும். பின்னணிக்கு ஒரு விளக்கு, முகத்துக்கு வேறொரு விளக்கு என்று ஒரே படத்தில் இரண்டு விளக்குகளை ஏற்றியிருக்கிறீர்கள். ஆனால் முழுப் படத்துக்கும் சேர்த்துக் கேமரா வைத்துக்கொள்வது ஒரே ஒரு ஒயிட் பேலன்ஸ்தான், அதாவது எந்த ஒளியை வெள்ளையாக எடுத்துக்கொள்வது என்ற ஒரே கணக்குதான். முகத்துக்குச் சரிசெய்தால் புல் கெடும், புல்லுக்குச் சரிசெய்தால் முகம் கெடும். பெரிய ஃபிளாஷ் வாங்கினால் இதே நீலம் இன்னும் பலமாக விழும். கடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்காது.

ஜெல் தாளை சி.டி.ஓ. என்று கேளுங்கள். முழு, அரை, கால் என்று அடர்த்தி வாரியாக வரும். முழுத் தாள் 5500 கெல்வினை 3200 அளவுக்கு இறக்கும். அரைத் தாள் ஏறத்தாழ 3800-க்கு இறக்கும். உங்கள் மாலை நேரத்துக்கு அரைத் தாள் போதும். கேமராவில் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் 4500 கெல்வின் என்று பூட்டிவிடுங்கள். முகத்தில் மெல்லிய சூடு இருக்கும், பின்னணியின் பொன்னிறமும் அப்படியே நிற்கும். தாள் அரை ஸ்டாப் ஒளியைக் குடித்துவிடும் (ஒளி பாதியாகக் குறைந்தால் அது ஒரு ஸ்டாப்). அந்த அளவுக்கு ஃபிளாஷைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. தாள் கையில் வந்த உற்சாகத்தில் எல்லா இடத்திலும் அதை ஒட்டுகிறவர்களைப் பார்த்துவிட்டதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பகலில் ஒரு கட்டடத்தின் நிழலில் குடும்பத்தை நிறுத்துகிறீர்கள், பின்னால் வெயில் அடிக்கிறது என்று வையுங்கள். அந்த நிழலுக்கு ஒளி தருவது நீல வானம். அது 7000 கெல்வினையும் தாண்டும். அங்கே வெறும் ஃபிளாஷே சூடான விளக்கு. பின்னால் அடிக்கும் வெயிலின் நிறமும் அதுவே. தாளை ஒட்டினால் முகம் ஆரஞ்சாகிவிடும். தாளைக் கழற்றிவிட்டு ஒயிட் பேலன்ஸை 5500-இல் வையுங்கள். அதே நிழல் மரநிழலாக இருந்தால் கதை மறுபடியும் மாறும். இலைகளின் வழியே இறங்கும் ஒளியும் புல்லில் பட்டுத் தெறிக்கும் ஒளியும் பச்சை. அது தாடைக்குக் கீழும் கண்ணுக்குக் கீழும் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆரஞ்சுத் தாளால் பச்சையை விரட்ட முடியாது. மரத்தடியை விட்டு நாலு அடி வெளியே, திறந்த வானம் தெரியும் விளிம்புக்கு அவர்களை நகர்த்துங்கள். அதுதான் மருந்து. ஆக, திறந்தவெளியில் பகல் ஒளியில் தாள் தேவைப்படுவது சூரியன் தாழ்ந்து மஞ்சளடிக்கும் வேளையில் மட்டும்.

அடுத்தது ஃபிளாஷ் இருக்கும் இடம். கேமராவின் தலையிலிருந்து நேராக அடித்தால் மூக்கும் கன்னமும் தட்டையாகிவிடும். அதை ஸ்டாண்டில் ஏற்றி, பக்கவாட்டில், தலைகளைவிட உயரமாக வையுங்கள். தூரத்தையும் கூட்டுங்கள். முன்வரிசை ஃபிளாஷுக்கு 2 மீட்டரிலும் பின்வரிசை 3 மீட்டரிலும் இருந்தால், முன்வரிசைக்குக் கிடைக்கும் ஒளியில் பாதிகூட பின்வரிசைக்குப் போகாது. குழந்தைகள் வெளுத்துப்போவார்கள், பின்னால் நிற்கும் பெரியவர்கள் மங்கிப்போவார்கள். ஃபிளாஷை 4 மீட்டருக்குத் தள்ளினால் பின்வரிசைக்கு மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குப் போய்ச்சேரும்.

முதலில் ஃபிளாஷை அணைத்துவிட்டு, பின்னணி நன்றாக வரும்வரை கேமராவைச் சரிசெய்யுங்கள். முகம் இருட்டாக வந்தால் இப்போதைக்குக் கவலை வேண்டாம். லென்ஸின் திறப்பு எஃப் 8, ஒளியுணர்திறன் ஐ.எஸ்.ஓ. 200, ஷட்டர் 1/200 வினாடி என்று தொடங்கிப் பாருங்கள். எஃப் 8 இருந்தால் இரண்டு வரிசையும் கூர்மையாக இருக்கும். ஷட்டரை 1/200-க்கு மேல் வேகமாக்க வேண்டாம். படத்தில் கறுப்புப் பட்டை விழலாம். இப்போது ஃபிளாஷைப் போட்டு, முகம் நிறையும்வரை அதன் பலத்தைக் கையாலேயே ஏற்றுங்கள். குடும்பம் ஓடப்போவதில்லை, ஆகவே தானியங்கி முறை வேண்டாம். அது வெள்ளைச் சட்டையைப் பார்த்தால் ஒளியைக் குறைக்கும், கறுப்புப் புடவையைப் பார்த்தால் கூட்டும்.

ஃபிளாஷோடு சேர்த்து உங்கள் தலையில் கட்டப்பார்க்கும் வெள்ளை பிளாஸ்டிக் மூடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒளியை மென்மையாக்கும் என்று சொல்லித்தான் விற்பார்கள். ஒளி மென்மையாவது ஒளிமூலம் பெரிதாகும்போது. அறைக்குள் அந்த மூடி ஒளியைச் சுவரிலும் கூரையிலும் சிதறடிக்கும். சுவரே பெரிய விளக்காகிவிடும். திறந்தவெளியில் சுவர் எங்கே இருக்கிறது? ஒளியின் பெரும்பகுதி வானத்துக்குப் போகும், பேட்டரி தீரும், முகத்து நிழல் முன்போலவே கடினமாக இருக்கும். மென்மை வேண்டுமென்றால் ஒரு மீட்டர் அகலத்துக்கு ஒரு வெள்ளைக் குடை வாங்குங்கள். காற்றில் சாயாமல் ஸ்டாண்டின் காலில் கனமாக எதையாவது கட்டிவிடுங்கள்.

ஃபிளாஷின் பலத்தைச் சொல்வதற்காகப் பெட்டியின்மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் கைடு நம்பர் என்ற எண்ணையும் நம்பி ஏமாற வேண்டாம். ஃபிளாஷின் தலையை 200 மில்லிமீட்டருக்கு ஜூம் செய்து, ஒளியை ஒரு குழாய்போலக் குவித்து அளந்த எண்ணாகத்தான் பெரும்பாலும் அது இருக்கும். 11 பேரை நனைக்க ஒளியை அகல விரித்தாக வேண்டும். விரித்தால் அந்த எண் வெகுவாகக் குறைந்துவிடும். அகல நிலைக்கான எண் கையேட்டின் உள்ளே சின்ன எழுத்தில் இருக்கும். வாங்குகிறவர் கண்ணில் முதலில் படவேண்டிய எண்ணை உள்ளே ஒளித்துவைக்கும் இந்த வழக்கம் எத்தனை காலத்துக்குத் தொடரும் என்று தெரியவில்லை. ஃபிளாஷின் காலில் கேமராவோடு பேசுவதற்காக உள்ள மின்முனைகளும் அப்படித்தான். நிறுவனத்துக்கு ஒரு பாஷை வைத்துக்கொண்டு, ஒன்றுக்கு வாங்கியது மற்றொன்றில் முழுமையாக வேலை செய்யாதபடி பார்த்துக்கொள்கிறார்கள்.

இனி நிறத் திருத்தம். அடுத்த முறை ரா கோப்பாக, அதாவது கேமரா பதிந்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் மூலக் கோப்பாக எடுங்கள். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். 14 பிட் ரா கோப்பில் 16,384. படம் எடுக்கும் இடத்திலேயே, ஃபிளாஷ் ஒளி விழும்படி, ஒருவர் முகத்தருகே சாம்பல் அட்டையைப் பிடித்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மென்பொருளில் அந்த அட்டையைத் தொட்டால் நடுநிலை நிறம் கிடைக்கும். பிறகு உங்கள் விருப்பத்துக்குச் சூடேற்றலாம். அட்டை இல்லையே என்று வெள்ளைச் சட்டையைத் தொடாதீர்கள். சலவைத்தூளில் உள்ள வெண்மையூட்டிகள் நீல ஒளியைக் கக்கும். அதை நடுநிலை என்று நம்பும் மென்பொருள் படம் முழுவதையும் மஞ்சளாக்கிவிடும்.

ஏற்கெனவே எடுத்த படத்தையும் விட்டுவிட வேண்டாம். மென்பொருளில் மனிதர்களை மட்டும் தேர்ந்தெடுக்கும் கருவி இருந்தால், அந்தப் பகுதிக்கு மட்டும் சூட்டைக் கூட்டுங்கள். தலைமுடியின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே நீலக் கோடு மிஞ்சினால் தேர்வைச் சற்று விரியுங்கள்.

பிரீசெட்டை நான் எதிர்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு. மனிதத் தோல் எந்த நிறமானாலும் மென்பொருளின் ஆரஞ்சுப் பகுதியில்தான் விழுகிறது. வெளிச்ச அளவுதான் வேறுபடும். விற்பனைக்கு வரும் பல தொகுப்புகள் முகம் பளிச்சென்று தெரிவதற்காக அந்த ஆரஞ்சை வெளுக்கச் செய்கின்றன. பாட்டியின் கருமை சாம்பலாகும், அவர் மடியில் இருக்கும் குழந்தையின் கன்னம் தாள்போல ஆகும். ஒரே குடும்பத்தில் நாலு நிறம் இருக்கும். அந்த நாலும் படத்தில் இருக்க வேண்டும். யாரையும் வெளுப்பாக்க உங்களுக்கு உரிமை கிடையாது, பிரீசெட் செய்தவருக்கு அறவே கிடையாது.

பிரிண்ட் இருண்டதற்குப் பெரும்பாலும் உங்கள் திரைதான் காரணம். திரையின் வெளிச்சத்தை முழுதாக ஏற்றிவைத்துத் திருத்தினால், படம் போதுமான வெளிச்சத்தில் இருப்பதாகக் கண் நம்பிவிடும். அருகில் ஒரு வெள்ளைத் தாளை அறை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, திரையின் வெண்மை அதற்கு நெருங்கும்வரை இறக்குங்கள். கோப்பை எஸ்.ஆர்.ஜி.பி. நிறவெளியில் சேமித்துக் கொடுங்கள். லேபில் தானியங்கித் திருத்தத்தை அணைத்துப் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் பாடுபட்டு வைத்த பொன்னிறத்தைக் கோளாறு என்று நினைத்து அந்த இயந்திரம் துடைத்துவிடும். எனக்கு ஒருமுறை ஒரு குடும்பத்தின் முழுத் தொகுப்பையும் இப்படி வெளிறவைத்துக் கொடுத்தார்கள். கேட்டால், ஆர்டர் வாங்கியவர் பிரிண்ட் போடுகிறவரைக் காட்டினார். அவர் இயந்திரத்தைக் காட்டினார். ஆர்டரை வாங்கி வேறிடத்துக்கு அனுப்பும் இடைத்தரகரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். பிரிண்ட் போடுகிறவரையே தேடிப்போய், முதலில் அஞ்சலட்டை அளவில் ஒன்று போட்டு வாங்குங்கள். அதைப் பகலில் ஜன்னலோரம் வைத்துப் பார்த்து, முகங்கள் தெளிந்திருந்தால் பெரியதற்குச் சொல்லுங்கள்.