1930களின் அமெரிக்கக் கிராம வறுமையை உண்மையாகக் காட்டியது ஓவியமா, புகைப்படமா?

கேள்வி கேட்டவர் கிராண்ட் வுட்டின் 'அமெரிக்கன் காதிக்' ஓவியத்தையும் டோரதியா லாங் எடுத்த 'மைக்ரன்ட் மதர்' புகைப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருக்கிறார். ஓவியர்கள் கிராமத்தை அழகாக்கிக் காட்டினார்கள், புகைப்படக்காரர்கள்தான் உள்ளதை உள்ளபடி காட்டினார்கள் என்பது சரியா என்று கேட்கிறார். முதல் பாதி பெரும்பாலும் சரி. இரண்டாம் பாதியில்தான் எனக்குச் சிக்கல்.

முதலில் வுட். அந்த ஓவியத்தை விவசாயக் குடும்பத்தின் கஷ்டத்தைச் சொல்லும் படம் என்றே பலர் நினைக்கிறார்கள். படத்தில் நிற்கும் பெண் வுட்டின் தங்கை; பெயர் நேன். கவட்டைக் கம்போடு நிற்பவர் அவருடைய பல் மருத்துவர். இருவரும் தனித்தனியாகத்தான் நின்று கொடுத்தார்கள், அதுவும் பின்னால் தெரியும் வீட்டின் முன்னால் அல்ல. வீடு அயோவா மாநிலத்தில் எல்டன் என்ற சிற்றூரில் இருக்கிறது. ஓவியம் 1930இல் சிகாகோ கலைக்கூடத்தில் 300 டாலர் பரிசு பெற்று அங்கேயே தங்கிவிட்டது. பெருமந்தம் என்ற 1930களின் பொருளாதார வீழ்ச்சி முற்ற முற்ற, மக்கள் அந்த இறுகிய முகங்களில் தங்கள் வைராக்கியத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அந்தப் பொருள் பார்த்தவர்கள் ஏற்றியது.

வுட்டின் நிலக்காட்சிகளைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 'யங் கார்ன்', 'ஃபால் ப்ளோயிங்' இரண்டும் 1931இல் வரைந்தவை. உருண்ட பச்சைக் குன்றுகள், வரிசை தப்பாத பயிர், ஒரு களை கிடையாது. ('ஃபால் ப்ளோயிங்' இப்போது டிராக்டர் தயாரிக்கும் ஜான் டீர் நிறுவனத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அதில் டிராக்டர் இல்லை, கைக்கலப்பைதான் நிற்கிறது.)

அதே அயோவாவில் அப்போது என்ன நடந்தது? விளைபொருளுக்கு விலை இல்லை. 1932இல் விவசாயிகள் சாலைகளை மறித்து, சந்தைக்குப் போன பாலைக் கீழே கொட்டினார்கள். கடனுக்கு நிலம் ஏலத்துக்கு வந்தால் ஊரே திரண்டு போய், வெளியாள் யாரையும் விலை கேட்கவிடாமல், காசு கணக்கில் ஏலம் எடுத்து உரியவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். 1933 ஏப்ரலில் ல மார்ஸ் என்ற ஊரில், நில ஏலங்களுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று வாக்குக் கொடுக்க மறுத்த நீதிபதியை நீதிமன்றத்திலிருந்தே இழுத்துப் போய்க் கழுத்தில் கயிறு மாட்டினார்கள். உயிரோடு விட்டுவிட்டார்கள், ஆனால் ராணுவம் வந்தது. அந்த இரண்டு கோடைகளிலும் வுட், ஸ்டோன் சிட்டியில் ஓவியர் முகாம் நடத்திக்கொண்டிருந்தார். அவர் ஓவியங்களில் இந்தக் கயிறும் இல்லை, ஏலமும் இல்லை.

வுட்டின் காலத்து ஓவியர் தாமஸ் ஹார்ட் பென்டனை இதே கணக்கில் சேர்க்க முடியாது. மிசௌரி சட்டமன்றக் கட்டடத்தில் 1936இல் அவர் வரைந்த சுவரோவியத்தில் அடிமைகளைச் சவுக்கால் அடிப்பதும் வருகிறது. உறுப்பினர்கள் முகம் சுளித்தார்கள். கான்சாஸின் ஜான் ஸ்டூவர்ட் கரி சூறாவளியை வரைந்தார், வங்கியை அல்ல. இயற்கையின் மீது பழி போடுவது எப்போதும் சுலபம்.

நான் உயர்த்திப் பிடிப்பது டெக்சாஸின் அலெக்சாண்டர் ஹோக்கை. நம் ஆட்கள் அவரைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை. 'மதர் எர்த் லெய்ட் பேர்' 1936இல் வரைந்தது. மண் அரித்துப்போன வயல், நிர்வாணமாகக் கிடக்கும் பெண்ணுடலாகத் தெரியும். முன்னால் ஒரு கலப்பை. வுட்டின் 'ஸ்பிரிங் டர்னிங்' ஓவியமும் அதே ஆண்டுதான். அதிலும் நிலம் உடல் போலத்தான் வளைகிறது, ஆனால் கொழுகொழுவென்று. ஹோக் சொல்ல வந்தது பச்சையானது: வறட்சி வந்தது உண்மை, ஆனால் புல்வெளியை உழுது கிழித்து மண்ணைக் காற்றில் பறக்கவிட்டவன் மனிதன். 'டிராவுத் சர்வைவர்ஸ்' ஓவியத்தில் மாடுகள் செத்துக் கிடக்கின்றன, டிராக்டர் பாதி புதைந்திருக்கிறது. பிழைத்திருப்பவை ஒரு விரியனும் ஒரு பிரெய்ரி நாயும் (பெயர்தான் நாய், அணில் இனம்) மட்டுமே. 1937இல் 'லைஃப்' இதழ் அவருடைய வறட்சி ஓவியங்களை வெளியிட்டதும் மேற்கு டெக்சாஸ்காரர்கள், ஊர் மானத்தை வாங்கிவிட்டான் என்று கொதித்தார்கள். ஆக, ஓவியம் என்றாலே பூசி மெழுகுவது என்று சொல்லிவிட முடியாது.

இனி புகைப்படங்களுக்கு வருவோம். லாங், வாக்கர் எவன்ஸ், ஆர்தர் ராத்ஸ்டீன் எல்லோரும் அரசாங்கச் சம்பளத்தில் படம் எடுத்தவர்கள். 1935இல் தொடங்கிய மறுகுடியமர்த்தல் துறைதான் பின்னாளில் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம் ஆனது. படப்பிரிவின் தலைவர் ராய் ஸ்டிரைக்கர். ரூஸ்வெல்ட் அரசின் உதவித் திட்டங்களுக்கு நாட்டின் ஆதரவைத் திரட்ட வேண்டும், படங்கள் அதற்குத்தான். பிரச்சாரம் என்பதாலேயே அது பொய்யாகிவிடாது. ஆனால் எதைக் காட்டுவது என்று ஒருவர் முடிவு செய்தார். பிடிக்காத நெகட்டிவில் ஸ்டிரைக்கர் ஓட்டை போடுவார். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் இன்றும் கறுப்பு வட்டத்தோடு அந்தப் படங்களைப் பார்க்கலாம். சிலவற்றில் வட்டம் சரியாக முகத்தின் மேல் விழுந்திருக்கும். 1937இல் லாங்குக்கு எழுதிய கடிதத்தில், கறுப்பர், வெள்ளையர் இருவரையும் எடுங்கள், வெள்ளைக் குத்தகைதாரர்களுக்கே அழுத்தம் கொடுங்கள், அந்தப் படங்கள்தான் அதிகம் பயன்படும் என்றார்.

ராத்ஸ்டீன் 1936இல் தெற்கு டகோட்டாவில் காய்ந்த மாட்டு மண்டையோடு ஒன்றைச் சில அடி நகர்த்தி வைத்து எடுத்தார். அது தேர்தல் ஆண்டு. எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் விடுமா? வறட்சியே மோசடி என்பதுபோல் எழுதின. மண்டையோடு நகர்ந்ததுதான், அதற்காக வறட்சி பொய்யாகுமா? இந்தச் சண்டையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிபோமோவில், பட்டாணி பறிக்க வந்து பயிர் பாழானதால் வேலையற்றுக் கிடந்தவர்களின் முகாமில் லாங் 'மைக்ரன்ட் மதர்' படத்தின் தாயை எடுத்தார். படம் வந்ததும் முகாமுக்குச் சுமார் 9,000 கிலோ உணவு போனது. அதற்குள் அந்தக் குடும்பம் அங்கிருந்து கிளம்பிவிட்டது. லாங் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்பது 1978இல்தான் தெரியவந்தது. ஓக்லஹோமாவில் பிறந்த செரோக்கீ இனப் பெண்; புழுதிப் புயல்களுக்கு முன்பே, 1920களில், கலிபோர்னியா வந்தவர். ஆக, புழுதி விரட்டிய வெள்ளை விவசாயியின் மனைவி என்று உலகம் நினைத்த முகத்தின் கதை அது அல்ல. அந்தப் படத்தால் தனக்குக் காலணா கிடைக்கவில்லை என்று அவர் கசந்துகொண்டார். ஒரு முகம் இரக்கத்தைக் கிளப்பும். அவர் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதை அது சொல்லாது.

படத்தை வெட்டினால் இன்னும் மோசம். அதே 1936இல் மிசிசிப்பியில் லாங் எடுத்த படத்தில், பருத்தித் தோட்டத்தை நடத்தும் ஒரு வெள்ளையர் காரின் மேல் காலை ஊன்றி நிற்கிறார், பின்னால் கறுப்பினத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். யார் யாருக்குக் கீழே என்று ஒரே பார்வையில் விளங்கிவிடும். 1938இல் வந்த ஒரு கவிதை நூலில் அந்தத் தொழிலாளர்களை வெட்டி எறிந்துவிட்டு, அவரை மட்டும் சுதந்திர அமெரிக்கனாக அச்சிட்டார்கள்.

எனவே என் பதில்: புகைப்படத்தை அதன் குறிப்போடு சேர்த்துப் படித்தால்தான் அது ஓவியத்தைவிட உண்மைக்குப் பக்கத்தில் வரும். லாங் இதை உணர்ந்தவர். கணவர் பால் டெய்லர் பொருளாதாரப் பேராசிரியர். இருவரும் சேர்ந்தே போய் விசாரித்து எழுதினார்கள். 1933இல் அரசு பருத்தி விலையைத் தூக்க, சுமார் 1 கோடி ஏக்கர் பயிரை உழுது அழிக்கச் சொல்லிப் பணம் கொடுத்தது. பணம் நில உடைமையாளர் கைக்குப் போனது. பலர் வாரக்காரர்களுக்குப் பங்கு தராமல் வெளியேற்றினார்கள். டிராக்டர் வாங்கியவர்களும் உண்டு. இதை எந்தக் கேமராவால் பிடிக்க முடியும்? 1938இல் டெக்சாஸின் சில்ட்ரஸ் மாவட்டத்தில் லாங் எடுத்த படத்தில், உழவுச் சால்கள் ஒரு காலி வீட்டின் சுவர் வரை வருகின்றன. டிராக்டர் துரத்தியது என்ற தலைப்பு இல்லாவிட்டால் அதுவும் ஒரு பாழடைந்த வீடு, அவ்வளவுதான்.

நேரம் இருந்தால் காங்கிரஸ் நூலகத் தளத்தில் லாங்கின் 1937ஆம் ஆண்டு டெக்சாஸ் ஹார்டமன் மாவட்டப் படத்தைத் தேடுங்கள். இலவசமாகப் பெரிய அளவில் இறக்கிக்கொள்ளலாம். இளைஞர்கள் சிலர் ஒரு மரவீட்டின் முன்னால் வரிசையாகச் சும்மா நிற்கிறார்கள். அழுகை இல்லை, கந்தல் இல்லை. குறிப்பு சொல்வது: எல்லோரும் நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட குத்தகைதாரர்கள், மூத்தவருக்கு வயது 33, மாதம் 22.80 டாலரில் ஆளுக்குச் சராசரியாக நாலு பேரைக் காப்பாற்றுகிறார்கள். அப்போது டெக்சாஸில் ஓட்டுப்போடத் தலைவரி கட்ட வேண்டியிருந்ததால் இவர்களில் ஒருவருக்கும் ஓட்டு இல்லை.