பூட்டிக்கொண்ட எஸ்க்யூலைட்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை எஸ்க்யூலைட் பற்றியவை. சர்வர் வேண்டாம், நிறுவும் வேலை இல்லை, தரவு முழுவதும் ஒரே கோப்பில். 2000-ஆம் ஆண்டு ரிச்சர்ட் ஹிப் வெளியிட்ட இந்தச் சிறிய தரவுத்தள நிரலகம் இன்று ஆண்ட்ராய்டு, ஐபோன், பிரவுசர் என்று எங்கும் இருக்கிறது. இயல்பு அமைப்புகளோடு அப்படியே பயன்படுத்துபவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள் என்பது கடிதங்களைப் படித்தால் தெரிகிறது. கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். பிராக்மா (எஸ்க்யூலைட்டின் அமைப்புகளை மாற்றும் கட்டளை) பெயர்களை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யும்போது சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போட மறக்காதீர்கள்.

கேள்வி: சென்சார் அளவீடுகளை இரண்டு பைத்தான் நிரல்கள் ஒரே எஸ்க்யூலைட் கோப்பில் பதிகின்றன. கடைசி வரிசை எண்ணைப் படித்து, ஒன்று கூட்டி, புது வரியை எழுதுவதுதான் வேலை. அடிக்கடி ‘டேட்டாபேஸ் இஸ் லாக்டு’ என்று நின்றுவிடுகிறது. டைம்அவுட்டை 30 வினாடியாக உயர்த்தினேன். அப்படியும் சில நேரம் காத்திருக்காமல் அந்தக் கணமே பிழை வருகிறது. ஏன்?

‘அந்தக் கணமே’ என்று எழுதினீர்களே, விடை அதில்தான் இருக்கிறது. டைம்அவுட் போதாமல் வரும் பிழை 30 வினாடி கழித்து வரும். உடனே வந்தால், எஸ்க்யூலைட் காத்திருப்பதில் பயனில்லை என்று தெரிந்தே மறுக்கிறது.

நடப்பது இதுதான். பிகினில் தொடங்கி ஒரே மூட்டையாக நடக்கும் வேலைதான் டிரான்சாக்‌ஷன்; கமிட் அதைப் பதிக்கும், ரோல்பேக் கைவிடும். வெறும் ‘பிகின்’ என்று தொடங்கினால் எந்தப் பூட்டும் எடுக்கப்படுவதில்லை. முதல் செலக்ட் வரும்போது படிக்கும் பூட்டு கிடைக்கிறது. அப்புறம் இன்சர்ட் வரும்போது அதை எழுதும் பூட்டாக உயர்த்தப் பார்க்கிறது. உங்கள் இரண்டு நிரல்களும் படிக்கும் பூட்டோடு நிற்கின்றன என்று வையுங்கள். முதலாவது எழுதும் உரிமையைப் பெற்றுவிட்டது, ஆனால் கமிட் செய்ய இரண்டாவது தன் படிக்கும் பூட்டை விட வேண்டும். இரண்டாவதும் எழுத விரும்பிக் காத்திருந்தால், இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றுகொண்டே இருக்கும். அதனால்தான் இரண்டாவது நிரலைக் காக்க வைக்காமல் உடனே திருப்பி அனுப்புகிறது. வால் முறையில் (ரைட்-அஹெட் லாக், மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதும் முறை) காரணம் சற்று வேறு: நீங்கள் படித்த பிறகு வேறொருவர் எழுதி முடித்திருந்தால் உங்கள் கையில் இருப்பது பழைய படம். அதை வைத்து எழுத விடக் கூடாது. பிழை என்னவோ அதே பிழைதான்.

நீங்களே செய்து பாருங்கள். ஒரே கோப்பை எஸ்க்யூலைட்டின் கட்டளைவரிக் கருவியான ஷெல்லின் இரண்டு சாளரங்களில் திறந்து, இரண்டிலும் ‘புள்ளி டைம்அவுட் 10000’ கொடுங்கள் (‘புள்ளி’ என்ற இடத்தில் . குறியைத் தட்டுங்கள்; 10000 என்பது மில்லிவினாடி). இரண்டிலும் பிகின், ஒரு செலக்ட். முதல் சாளரத்தில் ஒரு அப்டேட் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளும். இரண்டாவதில் அப்டேட் கொடுங்கள்: 10 வினாடி இருக்கட்டும், ஒரு வினாடிகூடக் காத்திருக்காது. இரண்டிலும் ரோல்பேக் கொடுத்துவிட்டு, இந்த முறை ‘பிகின் இம்மீடியட்’ என்று தொடங்குங்கள். இப்போது இரண்டாவது சாளரம் பிகின் வரியிலேயே பொறுமையாக நிற்கும். முதலாவதில் கமிட் கொடுத்ததும் தானாக நகரும்.

ஆகவே உங்களுக்கான மருந்து இரண்டு சொல்தான்: படித்துவிட்டு எழுதப் போகும் ஒவ்வொரு டிரான்சாக்‌ஷனையும் பிகின் இம்மீடியட் என்று தொடங்குங்கள். அதன் பிறகுதான் டைம்அவுட்டுக்குப் பொருள் உண்டு. பைத்தானில் அது ஏற்கெனவே 5 வினாடியாக இருக்கும். சி நிரலகத்தை நேரடியாக அழைப்பவர்களுக்கு அது 0, அதாவது காத்திருப்பே இல்லை. அவர்கள் ஒவ்வொரு இணைப்பிலும் ‘பிஸி டைம்அவுட்’ பிராக்மாவை 5000 மில்லிவினாடி என்று வைக்க வேண்டும். பைத்தான் நிரலில் ‘ஐசொலேஷன் லெவல்’ மதிப்பை ‘நன்’ (எதுவுமில்லை என்ற பைத்தான் மதிப்பு) என்று வைத்துவிட்டு, பிகினையும் கமிட்டையும் நாமே எழுதுவதுதான் எனக்குப் பிடித்த வழி. எந்த வரியில் பூட்டு விழுகிறது, எந்த வரியில் விடுபடுகிறது என்பது கண்ணெதிரே இருக்கும்.

அடுத்து, ‘ஜர்னல் மோட்’ பிராக்மாவை வால் என்று மாற்றுங்கள். 2010-இல் 3.7.0 பதிப்பில் வந்த வசதி இது. படிப்பவர் எழுதுபவரைத் தடுக்க மாட்டார், எழுதுபவரும் படிப்பவரைத் தடுக்க மாட்டார். ஒருமுறை வைத்தால் போதும், கோப்பிலேயே பதிந்துவிடும். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும் என்ற விதி வால் முறையிலும் மாறாது. இன்னொன்று: எல்லா நிரல்களும் ஒரே கணினியில் இருக்க வேண்டும். நெட்வொர்க் டிரைவில் கோப்பை வைத்து வால் முறையில் பல கணினிகளிலிருந்து திறக்காதீர்கள், அது வேலை செய்யாது.

இவ்வளவும் செய்தும் பூட்டு விடவில்லை என்றால், பிகினுக்கும் கமிட்டுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். இணையத்தில் எதையோ கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் வரி அங்கே இருந்தால், அதை வெளியே எடுங்கள். தரவைத் திறந்து பார்க்கும் வரைகலைக் கருவியில் ஒரு மாற்றத்தைச் சேமிக்காமல் விட்டிருந்தாலும் இதே கதைதான்.

கேள்வி: வால் முறைக்கு மாறினேன். இப்போது முதன்மைக் கோப்பின் பக்கத்தில் ‘-வால்’ என்று முடியும் கோப்பு பல நூறு எம்பி ஆகிவிட்டது. அழித்துவிடலாமா?

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். அந்தக் கோப்பில் இருப்பது நீங்கள் கமிட் செய்த தரவு, இன்னும் முதன்மைக் கோப்புக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். பழைய முறையில் வரும் ‘-ஜர்னல்’ கோப்பும் அப்படியே. நிரல் பாதியில் விழுந்த பிறகு அதை அழித்தால், பாதி எழுதிய மாற்றத்தைத் திருப்பும் வழி போய்விடும், தரவுத்தளம் சிதையும்.

சாதாரணமாக 1000 பக்கம் சேர்ந்ததும் எஸ்க்யூலைட் தானே செக்பாயின்ட் செய்யும், அதாவது வால் கோப்பில் உள்ளதை முதன்மைக் கோப்புக்கு மாற்றும். ஒரு பக்கம் 4096 பைட் என்றால் அது ஏறத்தாழ 4 எம்பி. உங்களுடையது அதைத் தாண்டி வளர்கிறது என்றால், பெரும்பாலும் யாரோ ஒரு வாசிப்பைத் திறந்தபடியே வைத்திருக்கிறார்கள். முடிக்காத கர்சர், மூடாத இணைப்பு, இவற்றைத் தேடுங்கள். கண்டுபிடித்து மூடிய பிறகு ‘வால் செக்பாயின்ட்’ பிராக்மாவை ட்ரங்கேட் என்ற சொல்லோடு ஓட்டினால் கோப்பு சுருங்கிவிடும்.

இதே காரணத்தால், ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் முதன்மைக் கோப்பை மட்டும் நகலெடுத்து அதை பேக்கப் என்று நம்பாதீர்கள். ஷெல்லில் ‘புள்ளி பேக்கப்’ இருக்கிறது. 2019 முதல் ‘வேக்யூம் இன்டு’ கட்டளையும் இருக்கிறது. இரண்டும் முழுமையான நகலைத் தரும்.

கேள்வி: ஃபாரின் கீ (பிள்ளை வரி சுட்டும் தாய் வரி இருந்தே ஆக வேண்டும் என்ற விதி) எழுதியிருக்கிறேன். தாய் வரியை அழித்தாலும் பிள்ளை வரிகள் அப்படியே இருக்கின்றன, பிழையும் வரவில்லை.

பழைய நிரல்கள் உடையக் கூடாது என்பதற்காக அந்தச் சோதனை இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும். ‘ஃபாரின் கீஸ்’ பிராக்மாவை ஆன் செய்யுங்கள். இது கோப்பில் பதியாது, இணைப்பு திறக்கும் ஒவ்வொரு முறையும் கொடுக்க வேண்டும். டிரான்சாக்‌ஷனுக்குள் கொடுத்தால் சத்தமில்லாமல் விட்டுவிடும். ஏற்கெனவே அநாதையான வரிகளை ‘ஃபாரின் கீ செக்’ காட்டும்.

கேள்வி: தமிழ்க் கட்டுரைகளுக்கு எஃப்டிஎஸ்5 (எஸ்க்யூலைட்டின் முழு உரைத் தேடல் வசதி) தேடல் அமைத்தேன். ‘பல்’ என்று தேடினால் ‘பலா’, ‘பலி’ உள்ள கட்டுரைகளும் வருகின்றன. சில கட்டுரைகளோ, சொல் கண்முன்னே இருந்தும் அகப்படவே இல்லை.

இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். தமிழில் தேடும் செயலி எழுதுபவர் எவரும் இதில் ஒருமுறை முட்டிக்கொள்வார். எஃப்டிஎஸ்5-இன் இயல்பான சொல்வெட்டி ‘யூனிகோட்61’. எழுத்து, எண் ஆகிய வகைகளை மட்டும் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். மற்றதெல்லாம் இடைவெளி. யூனிகோட் கணக்கில் நம் புள்ளியும் கால், கொம்பு, கொக்கிகளும் ‘எழுத்து’ வகையில் இல்லை, ‘குறி’ வகையில் இருக்கின்றன. அதனால் ‘தமிழ்’ என்ற சொல் அதன் கண்ணுக்கு ‘தம’, ‘ழ’ என்ற இரண்டு துண்டு. ‘பல்’, ‘பலா’, ‘பலி’ மூன்றுமே ‘பல’தான்.

எஃப்டிஎஸ் அட்டவணையை உருவாக்கும் வரியில் யூனிகோட்61-க்குப் பிறகு ‘கேட்டகரீஸ்’ என்ற அமைப்பைக் கொடுங்கள். இயல்பான எல் நட்சத்திரம், என் நட்சத்திரம், சிஓ மூன்றோடு எம் நட்சத்திரத்தையும் சேருங்கள் (நட்சத்திரம் என்பது * குறி). எம் என்பதுதான் குறி வகை. சிஓ-வில் இரண்டாம் எழுத்து சிறியதாக இருக்க வேண்டும். அட்டவணையைப் புதிதாக உருவாக்கித் தரவை மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும்.

அகப்படாத சொற்களுக்குக் காரணம் பெரும்பாலும் வேறு. ‘கொ’ என்பதை ககரத்தோடு ஒரே ஒகரக் குறியாகவும் எழுதலாம், எகரக் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் துளி வித்தியாசம் தெரியாது. எஸ்க்யூலைட் பைட்டுகளைத்தான் ஒப்பிடும், அதற்கு இரண்டும் வேறு வேறு சொல். சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் உரையை என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் சீர்வடிவம்) மாற்றுங்கள். பைத்தானில் ‘யூனிகோட்டேட்டா’ தொகுதியின் நார்மலைஸ் போதும். பல இடங்களிலிருந்து சேர்ந்த உரை என்றால் இது கட்டாயம்.

கூடவே ஒன்று: லெங்த் சார்பு ‘தமிழ்’ என்பதற்கு 5 என்று சொல்லும். யூனிகோட் குறியீட்டு எண்களை எண்ணுகிறது, நம் எழுத்துகளை அல்ல. படிவத்தில் நீள வரம்பு வைப்பவர்கள் கவனியுங்கள்.

கேள்வி: மின்சாரம் போய் வந்த பிறகு ‘டேட்டாபேஸ் டிஸ்க் இமேஜ் இஸ் மால்ஃபார்ம்டு’ என்கிறது. மீட்க முடியுமா?

பல நேரம் முடியும். எதையும் தொடுவதற்கு முன், முதன்மைக் கோப்பையும் பக்கத்தில் உள்ள வால் அல்லது ஜர்னல் கோப்பையும் சேர்த்து வேறிடத்தில் நகலெடுங்கள். இனி நகலில்தான் வேலை. ‘இன்டெக்ரிட்டி செக்’ ஓட்டுங்கள். இன்டெக்ஸில் (வேகமாகத் தேட உதவும் அட்டவணைக் குறிப்பில்) வரிகள் விடுபட்டதாக மட்டும் சொன்னால் ‘ரீஇன்டெக்ஸ்’ போதும், தரவுக்கு ஆபத்தில்லை. அதற்கு மேல் என்றால் ஷெல்லின் ‘புள்ளி ரெக்கவர்’ கிடைத்த வரிகளையெல்லாம் எஸ்க்யூஎல் ஆக எழுதித் தரும், அதைப் புதுக் கோப்பில் ஏற்றுங்கள். எந்த அட்டவணையைச் சேர்ந்தது என்று தெரியாத வரிகள் ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ என்ற அட்டவணையில் கிடக்கும்.

வேகத்துக்காக ‘சின்க்ரனஸ்’ பிராக்மாவை (எழுதியது டிஸ்க்கில் சேர்ந்ததா என்று காத்திருக்கும் அமைப்பு) ஆஃப் செய்திருந்தால் இப்போதே மாற்றுங்கள். வால் முறையில் நார்மல் என்று வைக்கலாம்: மின்சாரம் போனால் கடைசிச் சில கமிட்கள் போகக்கூடும், கோப்பு சிதையாது. ஒரு கமிட்டையும் இழக்க முடியாத கணக்கு என்றால் ஃபுல்.

கேள்வி: பாதி வரிகளை அழித்தும் கோப்பு சிறியதாகவில்லை.

காலியான பக்கங்களைப் புது வரிகளுக்காகக் கோப்புக்குள்ளேயே வைத்திருக்கும். மறுபடி நிரம்பப் போகும் தரவு என்றால் அப்படியே விடுங்கள். இடம் உடனே வேண்டுமென்றால் ‘வேக்யூம்’. கோப்பின் அளவைப் போல் இரு மடங்கு வரை தற்காலிக இடம் கேட்கும், ஓடி முடியும்வரை வேறு யாரும் எழுத முடியாது. டிஸ்க் நிரம்பி வழியும் நேரத்தில் தொடங்காதீர்கள்.